ஐந்து தலை மாலை

எங்கள் வீட்டு முன்னறையில், நாள்காட்டிக்குப் பக்கத்து ஆணியில் ஒரு மாலை தொங்குகிறது. சிவப்புக் கண்ணாடி மணிகள் நான்கு சரம். நடுவில் வரிசையாக ஐந்து பித்தளைத் தலைகள். ஒவ்வொன்றும் கொட்டைப்பாக்கு அளவு. கண்ணுக்கு இரண்டு கீறல், மூக்குக்கு ஒரு மேடு, வாய்க்கு இன்னொரு கீறல். நாகாலாந்தின் கொன்யாக் மக்களுடையது. வருகிறவர்கள் பார்ப்பார்கள், "அழகாக இருக்கிறதே" என்பார்கள், காப்பி வரும், பேச்சு வேறு பக்கம் போய்விடும். சென்ற தை மாதம் வந்த ஒருவர் மட்டும் எழுந்து கிட்டே போய்ப் பார்த்தார். பழங்குடிகளின் பொருள்களை முப்பது வருடமாகச் சேகரிப்பவர், நண்பரின் நண்பர். மாலையை ஆணியிலிருந்து கழற்றக்கூட இல்லை. ஒரு தலையை விரல் நுனியால் தூக்கி, விட்டு, "டூரிஸ்ட் சரக்கு" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். அரை நிமிடம் ஆகியிருக்காது. பிறகு வடையைப் பாராட்டினார்.

எனக்கு ஏன் அவ்வளவு சுருக்கென்று தைத்தது என்று பல நாள் யோசித்தேன். கொடுத்த நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்காக இல்லை. நான் முப்பத்திரண்டு வருடம் வங்கியில் வேலை பார்த்தவன். அதில் பாதிக்காலம் காசாளர் கூண்டுக்குள். கள்ள நோட்டு என் கையைத் தாண்டிப் போனதில்லை என்று இன்றும் பெருமையடித்துக்கொள்வேன். எண்ணும்போதே கட்டைவிரல் நின்றுவிடும். தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பதெல்லாம் வாடிக்கையாளரின் திருப்திக்காக. தீர்ப்பை விரல் முன்பே சொல்லியிருக்கும். அப்படிப்பட்டவனிடம் ஒருவர் என் வித்தையையே, என் பொருளின்மேல், என்னைவிட வேகமாகச் செய்துகாட்டிவிட்டுப் போனார். அதுதான் தைத்தது.

மாலையை வாங்கியது 2014 டிசம்பரில். திமாப்பூரில் இரண்டரை வருடம் பணியாற்றிய காலம். ஹார்ன்பில் திருவிழாவுக்காகக் கோஹிமா போயிருந்தேன். திருவிழா நடக்கும் கிசாமாவுக்குப் போகிற வழியில், சாலையோரம் கம்பளி விரித்து ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். அங்கே எல்லோருக்கும் பொதுவான பேச்சுமொழியான நாகாமீஸில் "புரானா, புரானா" என்றார். பழையது. அந்தச் சொல் இந்தியிலும் அதுதான் என்பதால் எனக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. பேரம்கூட ஒழுங்காகப் பேசவில்லை. பித்தளைத் தலை எதைக் குறிக்கிறது என்று தெரிந்துதான் வாங்கினேன்: தலைவேட்டையில் எதிரியின் தலையைக் கொண்டுவந்தவன் அணிவது, எத்தனை தலையோ அத்தனை பித்தளை என்பார்கள். அந்த வழக்கம் நின்று அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. கழுத்தில் போட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன் என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

லென்ஸும் நானும்

சேகரிப்பாளர் போன மறுவாரம், நகைக்கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கினேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஓய்வுபெற்றவன் வீட்டில் லென்ஸோடு உட்கார்ந்திருப்பது சில விஷயங்களைவிட மேல் என்று நினைத்திருக்கலாம்.

பார்க்கத் தெரிந்தவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பது ஓரளவு பிடிபட்டது. கழுத்தில் பல வருடம் கிடந்த பொருளுக்கு முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் வழவழப்பாக இருக்கும். தோல் உரசுவது அங்கே. விற்பனைக்காகப் பழசாக்கப்பட்ட பொருளில் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரித் தேய்ந்திருக்கும், அல்லது கண்ணுக்குத் தெரியும் பக்கம் மட்டும். நாகா வீடுகளில் அடுப்பு நடுவீட்டில் எரியும். அதற்குமேல் பரணில் தொங்கும் பொருளில் புகை ஏறி, கரி பிசுபிசுப்பாக இடுக்குக்குள் உறைந்திருக்கும். கடைப் புகை மேலோடு நிற்கும், ஈரத்துணிக்கே வந்துவிடும். ஷூ பாலிஷ் போட்டிருந்தால் வாசனையே காட்டிக்கொடுக்கும். தேயிலைச் சாயம், மண்ணில் ஆறு மாதம் புதைத்துவைப்பது, அமிலத்தில் முக்குவது என்று மற்ற வித்தைகளும் உண்டு. ஆப்பிரிக்க முகமூடி வியாபாரத்திலும் ஏறக்குறைய இதே சமையல் குறிப்புதான்.

என் ஐந்து தலைகளும் தேர்வில் தோற்றன. லென்ஸில் காதோரம் மெல்லிய கோடு ஒன்று ஐந்திலும் ஒரே இடத்தில் ஓடியது: இரண்டு பாதி அச்சைப் பொருத்திய இடம். மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வழியவிட்டு அதன் இடத்தில் பித்தளை ஊற்றினால் அந்தக் கோடு வராது. ஒரு மெழுகுக்கு ஒரு தலைதான் கிடைக்கும், இரண்டு தலைகள் ஒன்றுபோல் இருக்காது. என்னுடையவை ஐந்தும் உடன்பிறந்தவை. பின்பக்கம் அரம் போட்ட கீறல் அப்படியே கூர்மையாக இருந்தது. எந்தக் கழுத்தும் அதைத் தொட்டுத் தேய்த்திருக்கவில்லை. சரத்தின் நூலோ கடைத்தெருச் சிவப்பு. (நூலை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லக்கூடாது. புழக்கத்தில் இருக்கும் மாலையைத் தலைமுறைக்கு ஒருமுறையாவது மறுபடி கோப்பார்கள். பழைய நூலோடு முழுசாகக் கிடைக்கிற மாலைதான் இன்னும் சந்தேகத்துக்குரியது.)

ஆக, அரை நிமிடத் தீர்ப்பு சரி. கள்ள நோட்டு. வங்கியாக இருந்தால் முத்திரை குத்தி, பதிவேட்டில் எழுதி, விஷயத்தை முடித்திருப்பேன். ஆனால் முடியவில்லை. நோட்டு நல்லதா கள்ளதா என்பதற்கு ரிசர்வ் வங்கி என்று ஒரே ஒரு இடம் இருக்கிறது. அது அச்சடித்தால் நல்லது, வேறு யார் அச்சடித்தாலும் கள்ளம். இந்த மாலைக்கு ரிசர்வ் வங்கி யார்? சேகரிப்பாளர்களின் உலகம் ஒரு விதி வைத்திருக்கிறது: அந்த மக்கள், தங்களுக்காக, தங்கள் சடங்குக்காகச் செய்து, பயன்படுத்தி, விற்கும் எண்ணமே இல்லாமல் வைத்திருந்தது மட்டும் அசல். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அந்த விதியை எழுதிய கூட்டத்தில் அந்த மக்கள் யாரும் இருக்கவில்லை என்பதுதான் இடிக்கிறது. கொன்யாக் ஒருவரின் கருத்தை நான் ஏற்கெனவே கேட்டிருந்தேன். கேட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மோன் மாவட்டத்துக் கிழவர் சிரித்தது

2015 ஏப்ரல் முதல் வாரம். என் கிளையில் எழுத்தராக இருந்த கொன்யாக் இளைஞர் ஒருவர், அவர்களுடைய ஆவோலெங் பண்டிகைக்கு ஊருக்கு அழைத்துப்போனார். நாகாலாந்துக்குள்ளேயே ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போக, இரவெல்லாம் அஸ்ஸாம் சமவெளி வழியாகச் சுற்றிப் போகவேண்டிய பஸ் பயணம். முதுகெலும்புக்கு அது இன்னும் நினைவிருக்கிறது. அவருடைய தாத்தா அடுப்பருகே உட்கார்ந்திருந்தார். முகம் முழுக்கப் பச்சை குத்திய தலைமுறையின் கடைசிப் பேர்களில் ஒருவர். கழுத்தில் மாலை. அதில் இரண்டு தலைகள். மூக்கெல்லாம் தேய்ந்து மழுங்கி, கூழாங்கல் போல ஆகியிருந்தன.

நான் ஆர்வக்கோளாறில் என் மாலையைப் பையில் எடுத்துப் போயிருந்தேன். நீட்டினேன். கிழவர் வாங்கி, ஒவ்வொரு தலையாக விரல் வைத்து எண்ணினார். ஐந்து என்றதும் ஏதோ சொல்லிச் சிரித்தார், வீடே சிரித்தது. பேரனுக்குத் தர்மசங்கடம். வற்புறுத்திக் கேட்டபிறகு சொன்னார்: "இவ்வளவு பெரிய வீரன் எந்த ஊர்க்காரன், நான் கேள்விப்பட்டதே இல்லையே என்கிறார், சார்." நானும் சேர்ந்து சிரித்தேன். கிழவர் கிண்டல்காரர் என்று எடுத்துக்கொண்டேன். கடைக்காரனுக்கு ஐந்து தலை வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இரண்டு தலை மாலை படத்தில் எடுப்பாக விழாது என்ற எளிய கணக்கு அப்போது எனக்கு எட்டவில்லை.

அடுத்த நாள் மைதானத்தில் ஆடினார்கள். இளைஞர்கள் கழுத்திலெல்லாம் பித்தளைத் தலைகள் பளபளவென்று. இருபது வயதுப் பையன்கள். யார் தலையையும் எடுக்காதவர்கள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயம் போகிறவர்கள். என் எழுத்தரும் ஆடினார். அவர் போட்டிருந்ததில் மூன்று தலை. மணிகளில் பாதி பிளாஸ்டிக். அதே கொல்லன்தான், அதே அச்சுதான் என்றார் பிறகு. ஒரு பங்கு ஊர்ப் பையன்களுக்கு, ஒரு பங்கு கடைகளுக்கு. நான் வாங்கினால் டூரிஸ்ட் சரக்கு. அவர் வாங்கிப் போட்டுக்கொண்டு ஆடினால் என்ன? லென்ஸ் வைத்துப் பார்த்தால் இரண்டிலும் காதோரம் அதே கோடுதான் ஓடும்.

அவர்கள் தலையில் இருவாச்சி இறகு ஆடியது. வெள்ளைக்கு நடுவே ஒரு கறுப்புப் பட்டை. கிட்டே போனால் பல இறகுகளில் சாயம் தெரிந்தது. வேறு ஏதோ இறகில் பட்டை தீட்டியிருந்தார்கள்; சிலவற்றுக்குக் கெட்டிக் காகிதம். இங்கே அசல் வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் போய் நிற்கும். பக்கத்து அருணாசலத்தில் நிஷி மக்கள் தொப்பியில் செருகும் இருவாச்சி அலகையே கண்ணாடியிழையில் செய்துகொடுத்திருக்கிறார்கள், போட்டுக்கொள்கிறார்கள். யானைத் தந்தக் கைவளையும் அப்படித்தான்: புதிதாக ஒன்று உங்களிடம் யாராவது நீட்டினால், அது எலும்பாகவோ மரமாகவோ இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள்.

கழுத்துக்குப் பின்னால்

சித்திரையில் தூத்துக்குடி போனேன். தாய்மாமா அங்கே சங்குக் கிடங்கில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவர்; வயது எழுபத்தெட்டு. பேச்சுவாக்கில் மாலைக் கதையைச் சொன்னேன். பையில் இருந்தது, காட்டினேன். (அந்த நாள்களில் அதைத் தூக்கிக்கொண்டே அலைந்தேன், லென்ஸையும்.) மாமா பித்தளைத் தலைகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மாலையைத் திருப்பினார். பிடரியில் வரும் கொக்கியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு திண்ணை வெளிச்சத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

கொக்கி என்றால் உலோகமில்லை. பழைய ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய வெள்ளை வட்டம், நடுவில் ஒரு துளை; நாலு சரத்தின் நுனியும் அதில் வந்து முடியும், எதிர்ப்பக்கத்து நூல் முடிச்சு பொத்தான் போல அதற்குள் மாட்டிக்கொள்ளும். நான் அதை எலும்பு என்று நினைத்து விட்டிருந்தேன். சேகரிப்பாளரோ ஆணியிலிருந்து கழற்றாததால் பார்த்திருக்கவே முடியாது.

"இது நம் கடல் சங்கு, மருமகனே" என்றார் மாமா.

வட்டம் தட்டையாக இல்லை. மேசையில் வைத்தால் ஒரு ஓரம் லேசாக எழும்பி ஆடியது. சங்கின் வயிற்றுச் சுற்றிலிருந்து அறுத்த துண்டு என்பதால் அந்த வளைவு என்றார். உட்புறத்தை நகத்தால் தட்டினார், பீங்கான் சத்தம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் விளிம்பில் மெல்லிய இளஞ்சிவப்பு. பிறகு துளையைக் காட்டினார். என் லென்ஸைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த லென்ஸுக்கு உருப்படியான வேலை. துளை இரண்டு பக்கமும் அகன்று நடுவில் குறுகியிருந்தது, உடுக்கை மாதிரி. மின்துளைக் கருவி போட்டிருந்தால் குழாய்போல நேராக இருக்கும். இதை யாரோ ஒருவர் கையால் இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று குடைந்து நடுவில் சந்திக்கவைத்திருக்கிறார்; சந்திப்பு ஒரு மயிரிழை தவறியும் இருந்தது. துளையின் ஒரு ஓரத்தில் மட்டும், கிணற்றுக் கயிறு கல்லில் போட்ட தடம் மாதிரி ஒரு பள்ளம். நூல் அறுத்த தடம். பருத்தி நூல் சங்கில் அவ்வளவு ஆழம் போவதற்கு எத்தனை வருடம் ஒரு கழுத்தில் கிடந்திருக்கவேண்டும்? அத்தனை வருடத்தில் அந்த நூல் எத்தனை முறை மாறியிருக்கும்?

கொற்கை என்று நான் ஆரம்பித்துவிடுவேனோ என்று பயப்படவேண்டாம். சங்கு வங்காளம் போன கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும்: மன்னார் வளைகுடாவில் குளித்து எடுத்த சங்கு கல்கத்தாவுக்கும் டாக்காவுக்கும் மூட்டை மூட்டையாகப் போய், அங்கே அரத்தால் அறுபட்டுக் கல்யாணமான பெண்களின் வளையாகும். மாமாவின் கிடங்கில் துளையிட்ட பலகை ஒன்று இருக்குமாம். அதன் வழியே நழுவி விழுகிற சங்கு சின்னது, உயிரோடிருந்தால் கடலுக்கே திரும்பிப் போகும். நிற்பது வங்காளத்துக்கு. அங்கிருந்து அஸ்ஸாம் சந்தைகள் வழியாக நாகா மலைக்கும் ஏறியது என்பதை, சென்னை மாகாண மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914-லேயே எழுதிவைத்திருக்கிறார். இன்னொரு நாகா இனமான அங்காமி ஆண்கள் பிடரியில் அரைச் சங்கையே தொங்கவிடுவார்கள். கொன்யாக் மக்கள் காதில் அணியும் வெள்ளை வட்டங்களும் சங்குதான். கடலையே பார்த்திராத மலையில் ஒருவனுடைய அந்தஸ்து எங்கள் ஊர்க் கடல் அடியிலிருந்து போயிருக்கிறது. சிவப்புக்கல் மணிகள் குஜராத்தின் காம்பேயிலிருந்து; கண்ணாடி மணிகளில் சில வெனிஸிலிருந்து; பித்தளை சமவெளியிலிருந்து. "வெளியுலகம் தீண்டாத அசல்" என்று அருங்காட்சியகத்தில் வைத்திருக்கும் நாகா மாலை ஒன்றைப் பிரித்துப்போட்டால், அந்த மலையில் விளைந்தது நூல் மட்டும்தான் என்றுகூட ஆகலாம்.

ஆனால் இந்தக் கண்டுபிடிப்பில் எனக்கு வந்த சந்தோஷம் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. தலைகள் புதியவை, கொக்கி பழையது என்றால் என்ன பொருள்? ஒரு பழைய மாலையை யாரோ பிரித்திருக்கிறார்கள். வியாபாரத்தில் இது சகஜம்: ஒரு பழையதை நாலாகப் பிரித்து, புதியவற்றோடு கலந்து, நாலையும் பழையதாக விற்பது. அந்தப் பழைய மாலை முதலில் ஒரு வீட்டை விட்டு எப்படி வெளியே வந்தது? மதம் மாறியபோது பழைய அடையாளமெல்லாம் வேண்டாம் என்று கழற்றிப்போட்டதாக இருக்கலாம். ஆஸ்பத்திரிச் செலவாக இருக்கலாம். ஊர் எரிந்த காலத்தில் காணாமல் போனதாகக்கூட இருக்கலாம். என் மாலையில் பொய்யான பாகத்தைச் செய்தவர் கூலி வாங்கிக்கொண்டு சந்தோஷமாகத்தான் செய்திருப்பார். மெய்யான பாகம்தான் யாருடையதோ.

இன்னொன்றும் அந்தத் திண்ணையில்தான் உறைத்தது. 2024 அக்டோபரில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஒரு ஏல நிறுவனம், கொம்பு பொருத்திய நாகா மனித மண்டையோடு ஒன்றைப் பட்டியலில் போட்டது. 19-ஆம் நூற்றாண்டு, அசல். நாகாலாந்து முதல்வர் நெய்பியு ரியோ முதல் தேவாலயச் சபைகள் வரை எதிர்ப்பு எழுந்து, கடைசியில் விலக்கிக்கொண்டார்கள். அன்று செய்தியைப் படித்துவிட்டு "இப்படியுமா வாங்குவார்கள்" என்று பொங்கியவன் நான். ஆணியில் தொங்கிய என் மாலையோ, ஐந்தும் அசலாக இருக்கவேண்டும் என்று பத்து வருடமாக நான் ஆசைப்பட்ட மாலை. அசல் என்றால் ஐந்து பேர். ஐந்து வீட்டில் அழுகை. கிழவர் எண்ணிப் பார்த்துச் சிரித்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்ததே, அந்த ஏமாற்றத்துக்கு என்ன பெயர் வைப்பது?

இதையெல்லாம் மாமாவிடம் சொல்லவில்லை. அவர் கொக்கியை இன்னும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். துளைக்குள் நூல் எப்படிப் போகிறது என்று பார்க்க லேசாக இழுத்தார். கடைத்தெருச் சிவப்பு நூல் பட்டென்று அறுந்தது. மணிகள் திண்ணை, படி, வாசல் என்று தெறித்தோடின. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் ஓடிவந்து பொறுக்கினார்கள். எண்ணிப் பார்த்ததில் ஏழு மணி குறைந்தது; சாக்கடைக்குப் போயிருக்கவேண்டும். மாமாவுக்குக் குற்றவுணர்ச்சி. உள்ளே போய் ஒரு தகர டப்பாவை எடுத்துவந்தார். கிடங்குக் காலத்தில் சேர்த்த சங்குத் துண்டுகள், உடைந்த வளை, பேத்திக்காக எப்போதோ துளைபோட்ட வெள்ளை மணிகள். அதிலிருந்து ஏழு எடுத்தார்.

"நூல் வேண்டாம், மறுபடி அறும்" என்று சொல்லி, பேரனை அனுப்பித் தூண்டில் நரம்பு வாங்கிவரச் சொன்னார். நைலான், நாற்பது ரூபாய். சங்கு மணி ஏழையும் ஒரே இடத்தில் போடாமல், கண்ணுக்கு அழகாக இருக்கவேண்டும் என்று சிவப்பு மணிகளுக்கு நடுவே பரப்பிக் கோத்தார். பித்தளைத் தலைகளை வரிசையாக எடுத்துக் கொடுக்கும் வேலை என்னுடையது. நாலாவது தலைக்குக் கை நீட்டியவர், "எல்லாமே போடவேண்டுமா?" என்று கேட்டார். கொஞ்சம் யோசித்து, போடுங்கள் என்றேன். கொக்கியில் நரம்பைக் கொண்டுபோய், அந்தப் பழைய பள்ளத்திலேயே சரியாக உட்காரவைத்து இறுக்கினார். மூன்று முடிச்சு, மீன்காரர் முடிச்சு. மிச்ச நரம்பைப் பல்லால் கடித்துத் துண்டித்தார்.